இடது முன்கையும் மண்டபத்துப் பியானோவும்: மட்டக்களப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

டிப்ளோமா நிலைப் பியானோ பரீட்சைக்குப் பத்துக் கிழமை இருக்கையில், மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு இளம் கலைஞரின் இடது முன்கை வேலைசெய்ய மறுத்தது. அவர் பயிற்சி செய்த முறையையும் உட்கார்ந்த விதத்தையும் பார்த்தார்கள், மருத்துவரிடமும் காட்டினார்கள். அவர் விரல் பட்ட பியானோவின் கட்டைகளை எடைபோட்டுப் பார்க்க மட்டும் ஏழு கிழமை பிந்தியது. கைவலியோடு வரும் மாணவர்களைக் கற்பிப்பவர்களுக்கும், பழைய பியானோவைப் பராமரிக்கும் மண்டபங்களுக்கும் பயன்படட்டும் என்று இது முழுமையாகப் பதிவு செய்யப்படுகிறது. சம்பந்தப்பட்டவர்களின் பெயரோ மண்டபத்தின் பெயரோ இங்கே இல்லை. வாசித்தவரை ‘மாணவி’ என்றும், கற்பித்தவரை ‘மிஸ்’ என்றும், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரை ‘ட்யூனர்’ என்றும் குறிக்கிறோம்.

பின்னணி

மாணவிக்கு அப்போது 21 வயது. கல்லடியில், கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு. எட்டு வயதில் ஞாயிறு பாடசாலை ஆர்மோனியத்தில் தொடங்கி, பின்னர் மிஸ்ஸிடம் பியானோவுக்கு மாறினார். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபையின் தேர்வுகளில் ஐந்தாம் தரக் கோட்பாட்டிலோ அதற்கு ஈடான தேர்விலோ சித்தியடையாமல் ஆறாம் தரச் செய்முறைக்குப் போக முடியாது. அந்தப் படியையும் தாண்டி, 19 வயதில் எட்டாம் தரத்தை முடித்திருந்தார். அடுத்த இலக்கு ஏஆர்எஸ்எம் டிப்ளோமா. அதில் ஸ்கேல் எனப்படும் சுரவரிசை இல்லை, பார்த்தவுடன் வாசிக்கும் பகுதியும் இல்லை. 30 நிமிட நிகழ்ச்சி ஒன்றை முழுதாக வாசிக்க வேண்டும். அதில் குறைந்தது 20 நிமிடம் பட்டியலில் உள்ள படைப்புகளாக இருக்க வேண்டும். காணொளியாகப் பதிவு செய்து அனுப்பலாம். கொழும்புக்கு இரவு ரயில் ஏறி, தூங்காத கண்ணோடு பரீட்சகர் முன் உட்கார வேண்டியதில்லை என்பதால் இந்த வழி தெரிவானது.

வாசிக்க அவருக்கு இரண்டு கருவிகள் இருந்தன. வீட்டில் 61 கட்டை கொண்ட, எடையில்லாத கட்டைகளுள்ள கீபோட். புளியந்தீவில் ஒரு தேவாலய மண்டபத்தில் இங்கிலாந்தில் செய்த பழைய நிமிர்ந்த பியானோ. இரும்புச் சட்டம், குறுக்குக் கம்பி, 85 கட்டைகள். மண்டபத்தின் ஒரு சுவர் வாவிப் பக்கம். பியானோ அந்தச் சுவரோடு ஒட்டி நின்றது.

நிகழ்ச்சியின் நடுவில் பேத்தோவனின் ‘பத்தெத்தீக்’ சொனாட்டா, ஓபஸ் 13. 1799இல் அச்சான படைப்பு. அதன் முதற்பகுதியில் மெதுவான முன்னுரை முடிந்து வேகம் பிடித்ததும், இடது கை ஒரு ஸ்தாயி இடைவெளியில் கீழ் சி, மேல் சி (C சுரம்) என்று சுண்டுவிரலும் பெருவிரலுமாக இடைவிடாமல் ஆட வேண்டும். ட்ரெமொலோ என்பது இதுதான். மினிம் 120 என்ற வேகத்தில், அதாவது நான்கு தட்டல் நீளமுள்ள சுரக்குறி நிமிடத்துக்கு 120 என்ற கணக்கில், ஒரு நிமிடத்துக்கு 480 தட்டல், விநாடிக்கு எட்டு. கச்சேரியில் பலர் வாசிக்கும் 144இல் அது பத்தை நெருங்கும். பேத்தோவன் இதை எழுதிய காலத்துப் பியானோவில் கட்டையின் எடையும் அது இறங்கும் ஆழமும் இன்றைய பியானோவைவிட மிகக் குறைவு. அந்தப் பியானோவுக்கும் கட்டைகள் 61தான். ஆனால் அவை கீழ் எஃப்பில் தொடங்கின. இன்றைய 61 கட்டைக் கீபோட் அதற்கு ஏழு அரைச்சுரம் மேலே, சியில் தொடங்குகிறது. அதனால் கீழே இறங்கும் இடங்களை மாணவி வீட்டில் ஒரு ஸ்தாயி உயர்த்தி வாசித்தே பழகினார். ஒரே படைப்பை இரண்டு விதமான கைத்தூரத்தில் உடல் மனனம் செய்துகொண்டிருந்தது.

என்ன நடந்தது

யூலையில் படைப்பைத் தொடங்கினார். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதம், கட்டைகள் தாராளமாக ஆடின. கிழமையில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம் மண்டபத்தில், மீதி வீட்டில். ஒக்டோபர் முடிவில் மனனம் முடிந்தது. பதிவுக்கு பெப்ரவரி நடுப்பகுதி என்று நாள் குறித்தார்கள்.

நவம்பரில் மாரி தொடங்கியது. மண்டபச் சுவரில் ஈரம் ஊறியது. அதே மாதம் மாணவி மண்டபப் பயிற்சியை நாளுக்கு இரண்டரை மணித்தியாலமாக்கினார். வீட்டுப் பயிற்சியோடு சேர்த்து நான்கு மணித்தியாலம், கிழமையில் ஆறு நாள். கிழமைக்கு மூன்று மணித்தியாலமாக இருந்த மண்டபப் பயிற்சி ஒரே மாதத்தில் பதினைந்தாகிவிட்டது. கட்டைகள் ‘பாரமாக’ இருப்பதாக அவர் ஒருமுறை சொன்னதாக மிஸ்ஸின் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே ‘மாரிக்கு எப்பவும் இப்படித்தான்’ என்றும் எழுதியிருக்கிறது.

டிசம்பர் முதற் கிழமையில் இடது முன்கையின் வெளிப்பக்கம், முழங்கைக்குச் சற்றுக் கீழே எரிவு தொடங்கியது. வாசிக்கும்போது மட்டும் எரிந்தது. நிறுத்தினால் பத்து நிமிடத்தில் அடங்கியது. பதினொரு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வலியை மறைக்க மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து வாசித்தார். அது எரிவை இன்னும் கூட்டியது. பன்னிரண்டாம் நாள் வந்து, “மிஸ், வீட்டுப் பூட்டுத் திறக்க ஏலாம கிடக்கு” என்றார். திறப்பைத் திருப்பவும், நிறைந்த கேத்தலைத் தூக்கவும் முடியாத நிலை வந்திருந்தது.

மாணவர்கள் வலியைச் சொல்லாமல் இருப்பது சோம்பலாலும் அல்ல, அலட்சியத்தாலும் அல்ல. சொன்னால் பரீட்சை போய்விடும் என்ற பயம். இந்தப் பயத்தைக் கணக்கில் எடுக்காத பயிற்சித் திட்டம் எதுவும் பாதுகாப்பானதல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து.

முதல் முடிவு: நிறுத்துவது

அன்றே வாசிப்பு முழுவதும் நிறுத்தப்பட்டது. ‘மெதுவாக வாசி’, ‘வலது கையை மட்டும் வாசி’ என்று மிஸ் சொல்லவில்லை. ஓய்விலும் வலித்தால், பிடியில் பலம் குறைந்தால், அன்றாட வேலை தடைப்பட்டால், மெதுவான பயிற்சி என்பது வலியை நீட்டிப்பதாகவே முடியும். இந்த மூன்றில் இரண்டு அப்போது இருந்தன. மோதிரவிரலிலும் சுண்டுவிரலிலும் விறைப்பு இருக்கிறதா என்று கேட்கப்பட்டது, இல்லை. இருந்திருந்தால் அது நரம்பு அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம், அன்றே வைத்தியரிடம் போக வேண்டியிருக்கும். விறைப்பு இல்லாததால் இரண்டு நாள் கழித்துப் போனார்கள். விரல்களை மேலே தூக்கும் தசைகள் முழங்கையின் வெளிமுனையில் ஒட்டும் இடத்தில் மிகைப்பயன்பாடு என்றார் வைத்தியர். இயன்மருத்துவரிடம் அனுப்பினார்.

இயன்மருத்துவர் முதலில் பியானோவைப் பற்றிக் கேட்கவில்லை. காலை எழுந்ததிலிருந்து இடது கை செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, துணி பிழிவது, கல்லடிப் பாலத்தைச் சைக்கிளில் கடக்கையில் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது, கைபேசியை இடது கையில் பிடித்து அதே பெருவிரலால் எழுதுவது. பியானோவை நிறுத்தியும் முதற் கிழமை வலி குறையாததற்குக் காரணம் அங்கேதான் இருந்தது. துணி பிழிவதைத் தம்பி ஏற்றுக்கொண்டார். சைக்கிள் நின்றது, பஸ். அடுத்த ஐந்து நாளில் வலி குறைந்தது.

மூன்று கிழமை முழு ஓய்வுக்குப் பிறகு ஒரு பயிற்சி கொடுத்தார். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கி, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து, மற்றக் கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, இடது கையால் மட்டும் மெதுவாக இறக்குவது. ஒரு தடவைக்கு 15, நாளுக்கு மூன்று தடவை. இது இவருடைய கையைப் பார்த்து இவருக்குச் சொல்லப்பட்டது. வலியுள்ள எல்லோருக்கும் இதுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெப்ரவரிப் பதிவு கைவிடப்பட்டது. வீட்டில் அழுகை. இசையமைப்பாளர் ரொபர்ட் ஷூமான் 1830களின் தொடக்கத்தில் வலது கை பழுதாகி வாசிப்பு வாழ்க்கையை இழந்ததையும், அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் பிளைஷர் 1960களில் வலது கையின் செயல் குன்றிய பிறகு இடக்கைப் படைப்புகளையும் கற்பித்தலையும் இசைநடத்துதலையும் தன் வாழ்க்கையாக்கியதையும் மிஸ் எடுத்துச் சொன்னார். பயமுறுத்துவதற்காக அல்ல, ஆறு மாதம் பிந்துவதையும் ஒரேயடியாக இழப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்காக.

ட்யூனர் வந்த நாள்

ஜனவரிக் கடைசியில் வேறொரு பாடசாலைப் பியானோவுக்காகக் கொழும்பிலிருந்து ட்யூனர் வந்திருந்தார். இரண்டு மணித்தியாலம் ஒதுக்கி மண்டபத்துக்கும் வரச் சொன்னார்கள். சுருதி சேர்ப்பதற்குத்தான் அழைத்தது. அவர் உட்கார்ந்து இடது கையால் பத்து விநாடி ஒரு ஸ்தாயி ட்ரெமொலோ வாசித்துவிட்டு எழுந்து, “மகள் இதிலயா நாலு மாசம் வாசிச்சது?” என்று கேட்டார்.

கட்டையின் எடையை நிறுக்கும் முறை எளிது. எந்த மண்டபத்திலும் செய்யலாம். வலது பெடலை மிதித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது கம்பியின் ஒலியை அடக்கும் டம்பர்கள் கம்பியிலிருந்து விலகி நிற்கும், அவற்றின் பாரம் கணக்கில் சேராது. வெள்ளைக் கட்டையின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே எடைக்கல்லை வைக்க வேண்டும். கட்டை மெதுவாக, நிற்காமல் இறங்கும் மிகக் குறைந்த எடைதான் அந்தக் கட்டையின் எடை. ஒழுங்கான பியானோவில் இது 50 கிராம் அளவில், சற்று முன்பின்னாக இருக்கும். எடைக்கற்கள் பக்கத்து நகைக்கடையில் இரவல் வாங்கப்பட்டன.

நடுப்பகுதியில் 55 முதல் 60 கிராம்வரை. ஏற்றுக்கொள்ளலாம். கீழே இறங்க இறங்க 70, 75. கீழ் சியில் 50 வைத்தார்கள், அசையவில்லை. 70 வைத்தார்கள், சற்று இறங்கி நடுவில் நின்றது. 90இல்தான் அடிவரை போனது. அதற்கு மேலுள்ள சியில் 85. மாணவியின் விரல் மாதக்கணக்கில் ஓயாமல் தட்டிய இரண்டு கட்டைகளும் இவைதான். பிற்பகல் வீட்டுக் கீபோட்டிலும் அதே சியில் 50 கிராம் வைத்துப் பார்த்தார்கள். வைத்த உடனே அடியில் போய் இடித்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். இயல்பைவிட ஒரு தட்டலுக்கு 35 கிராம் கூட என்று வைத்தாலும், நிமிடத்துக்கு 480 தட்டலில் 16.8 கிலோ கூடுதல் பாரம். அது முழுவதும் ஒரு முன்கையில். இதைவிட முக்கியமானது கட்டை திரும்பி வரும் வேகம். அமத்திய கீழ் சி, விரலை எடுத்த பிறகும் சோர்ந்து மெல்ல எழுந்தது. கட்டை மேலே வருமுன் விரல் மறுபடி இறங்கினால் சத்தம் வராது. அதனால் வாசிப்பவர் அறியாமலே விரலைத் தேவைக்கு மேல் உயரத் தூக்கி, கட்டைக்காகக் காத்திருந்து, ஓங்கித் தட்டத் தொடங்குகிறார். தூக்கும் தசைகள் முன்கையின் வெளிப்பக்கத்தில் இருக்கின்றன. வைத்தியர் தொட்ட இடமும் அதுதான்.

பியானோவுக்குள்ளே

முன்பலகையையும் கட்டை மூடியையும் கழற்றினார்கள். கட்டைகளுக்கு அடியில் மணல், இரண்டு பென்சில் துண்டு, காய்ந்த பல்லி முட்டைகள், எலி அரித்த ஃபெல்ட் துணுக்கு. இவை தொல்லைதான், ஆனால் 90 கிராமுக்குக் காரணம் இவை அல்ல.

காரணம் இரண்டு. ஒவ்வொரு கட்டையும் நடுவில் ஒரு ஆணியிலும் முன்னால் ஒரு ஆணியிலும் ஓடுகிறது. ஆணி போகும் துளைக்கு உள்ளே துணி ஒட்டியிருக்கும். மாரி ஈரத்தில் அந்தத் துணி பருத்து ஆணியைக் கவ்வியது. இது பியானோ முழுவதிலும் ஓரளவு இருந்தது, வெயில் வந்தால் தானாகவே குறையும். கீழ்ப்பகுதியின் கேடு வேறு. கம்பியைத் தட்டும் சுத்தியல்கள் ஆடும் சிறிய அச்சு ஊசிகளில் யாரோ முன்பு தையல் மெஷின் எண்ணெய் விட்டிருந்தார்கள். எண்ணெய் விட்ட கிழமை கட்டை நன்றாக ஆடியிருக்கும். பிறகு துணி எண்ணெயைக் குடித்துப் பருத்து, தூசியோடு சேர்ந்து பிசினாகி, ஊசியில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்ட பியானோக்களையும் இந்தப் பகுதியில் பார்க்கலாம்; விளைவு இதைவிட மோசம். பியானோவின் துணி அச்சுகளில் எந்த எண்ணெயும் விடக்கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை.

உட்காரும் உயரமும் பிழை. மண்டபத்தின் பிளாஸ்டிக் கதிரையில் இருக்கை தரையிலிருந்து 43 சென்ரிமீற்றர். கட்டைகளின் மேற்பரப்பு 73. மாணவி குள்ளமானவர். முழங்கை கட்டை மட்டத்துக்குக் கீழே தொங்க, மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருந்தது. பழைய பாட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, முன்கை தரைக்குச் சமாந்தரமாக வரும் இடத்தில் நிறுத்தி அளந்தார்கள்: 51 சென்ரிமீற்றர். ஓடாவி ஒருவர் அந்த அளவுக்குப் பலகை வாங்கு ஒன்று செய்து கொடுத்தார்.

இரண்டாம் முடிவு: எதைத் திருத்துவது, எதை விடுவது

சுருதி 60 சதம் கீழே இருந்தது, அதாவது ஒரு அரைச்சுரத்தின் நூறு பங்கில் அறுபது. ஏ சுரம் 440க்குப் பதிலாக 425 ஹேர்ட்ஸ் அளவில் நின்றது. மண்டபக் குழு 440க்கு உயர்த்தச் சொன்னது. ட்யூனர் மறுத்தார். இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகளில் மொத்தமாக 15 தொன்னுக்கு மேல் இழுவிசை. கடற்காற்றில் துருப்பிடித்த கம்பிகளை ஒரே நாளில் அவ்வளவு இழுத்தால் அறும். இருந்த பணத்தைச் சுருதியில் செலவழித்தால் கட்டைகளுக்கு மிச்சமிருக்காது. முதலில் கட்டை, பிறகு சுருதி என்று முடிவாகியது. சரியான முடிவு. 440 என்ற அளவே 1939இல் லண்டன் மாநாட்டில் இணங்கியதுதான். 1859இல் பிரான்ஸ் சட்டமாக்கியது 435. தனியாக வாசிக்கும் நிகழ்ச்சிக்குச் சுருதி தனக்குள் ஒத்திருந்தால் போதும்.

பெப்ரவரியில் ட்யூனர் மறுபடி வந்து நான்கு நாள் தங்கினார். கட்டைகளைக் கழற்றி வரிசை எண் பார்த்து அடுக்கி, அடியைத் துப்புரவாக்கினார். தடையாக ஓடிய கட்டைத் துளைகளின் துணியை இணைத்தாடை இடுக்கியால் மெல்ல அழுத்தி இளக்கினார். இதில் அவசரப்பட்டால் துளை பெரிதாகி, கச்சானில் கட்டை கடகடவென்று ஆடும். எண்ணெய் ஏறிய 26 சுத்தியல்களின் அச்சுகளைக் கழற்றி, பழைய ஊசியை எடுத்து, துணியைச் சுத்தமாக்கி, புது ஊசி போட்டார். சுத்தியல் கம்பிக்கு 6 மில்லிமீற்றர் இருக்கும்போதே விடுபட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அதனால் மெல்லிய சத்தம் எழுப்பவும் ஓங்க வேண்டியிருந்தது. அதை 3 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தார். மறுபடி எடைபோட்டபோது கீழ் சி 56, மேல் சி 55. கடைசியாக, கம்பிகளை மூன்று சுற்றில் 432க்கு உயர்த்தினார். மேல்பகுதியில் இரண்டு அறுந்தன.

பியானோவை வாவிச் சுவரிலிருந்து நகர்த்தி, உட்சுவரோரம், சுவருக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தார்கள்.

கை திரும்பி வந்த வழி

வாசிப்பு பெப்ரவரிக் கடைசியில், திருத்திய பியானோவில் தொடங்கியது. நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், இரண்டு கையும் ஒரே மட்டத்தில் நகரும் எளிய பாடங்கள். வலியை 0 முதல் 10வரை எழுதி வைத்தார். வாசிக்கும்போது 2 வரை பொறுக்கலாம். மறுநாள் காலை 2க்கு மேல் இருந்தால் முந்திய படிக்குத் திரும்ப வேண்டும். இந்த விதியால் இரண்டு முறை பின்வாங்கினார். ஏழாம் கிழமை 20 நிமிடம் மூன்று தடவை, பத்தாம் கிழமை மொத்தம் 90 நிமிடம். எந்தத் தடவையும் 25 நிமிடத்துக்கு மேல் போகவில்லை.

ட்ரெமொலோவை விரல் வேலையாக அல்லாமல் முன்கைச் சுழற்சியாகக் கற்பிக்க மிஸ் ஒரு மாதம் எடுத்தார். பூட்டில் திறப்பைத் திருப்புவதுபோல முன்கை இடமும் வலமும் உருள வேண்டும். சுண்டுவிரலும் பெருவிரலும் கட்டையை விட்டு எழவே கூடாது. மினிம் 60இல் இரண்டு அளவு வாசித்து, கையை மடியில் போட்டு, அதே நேரம் ஓய்வு. கிழமைக்கு நான்கு அலகு மட்டும் வேகம் கூட்டலாம். 100இல் சுழற்சி கலைந்து மணிக்கட்டு இறுகியது. 92க்கு இறங்கினார்கள், அங்கேயே இரண்டு கிழமை.

யூன் கடைசியில் கடினமான முடிவு ஒன்று. பத்தெத்தீக் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. 108 வரை வலியில்லாமல் வந்திருந்தார். ஆனால் காணொளியை வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாகப் பதிவு செய்ய வேண்டும், நல்ல பதிவு கிடைக்க ஒரே நாளில் மூன்று நான்கு முறை முழு 30 நிமிடமும் வாசிக்க நேரலாம். அந்தக் கை ஒரு முறைக்குப் போதும், நான்கு முறைக்குப் போதாது. அந்த இடத்தில் ஹைடன் சொனாட்டா ஒன்று வந்தது. நிகழ்ச்சியின் மற்றப் படைப்புகளான பாக்கின் முன்னிசையும் ஃபியூகும், ஷோப்பான் நொக்டேர்னும் அப்படியே இருந்தன. மாணவிக்கு இது பெரிய இழப்பு. இரண்டு நாள் மண்டபத்துக்கு வரவில்லை.

கச்சானில் ஒரு தவறு

மாரியில் ஈரத்தை வெல்ல, பியானோவின் அடிப்பெட்டிக்குள் 40 வாட் பழைய வகை மின்குமிழ் ஒன்றை எரியவிடும் வழக்கம் இலங்கையில் நீண்ட காலமாக உண்டு. பெப்ரவரியில் மண்டபத்திலும் வைத்தார்கள்: கம்பிக் கூட்டுக்குள், எல்லா மரத்திலிருந்தும் ஒரு சாணுக்கு மேல் தள்ளி. கட்டைகள் நன்றாக ஆடின. ஆனால் எப்போது அணைப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஏப்ரல் போனது, மே போனது, கச்சான் வந்தது. குமிழ் இரவும் பகலும் எரிந்தது.

யூலை நடுவில் நடுஸ்தாயிகளின் சுருதி கலைந்தது. ஒலிப்பலகை ஈரத்தில் பருத்து மேடிடும், காய்ந்தால் தாழும். அதோடு கம்பியின் இழுவிசையும் கூடிக் குறையும். பலகை அதிகமாக ஆடும் நடுப்பகுதியில் இது முதலில் தெரியும். சில சுருதி ஆணிகளும் மரம் சுருங்கியதால் பிடி தளர்ந்தன. நான்காம் நாள் ஒரு ஈரப்பதமானி வாங்கி உள்ளே வைத்தபோது நண்பகலில் 38 சதவீதம். பியானோவுக்கு 45 முதல் 60வரை நல்லது. அன்றே குமிழை அணைத்தார்கள். ஒலிப்பலகையில் வெடிப்பு விழாதது நல்ல காலம்.

இப்போது மூடியின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 70க்கு மேல் போனால் குமிழ், 60க்குக் கீழே வந்தால் அணை. கோயிற்பிள்ளை காலையும் மாலையும் எண்ணை எழுதுகிறார்.

பதிவும் பெறுபேறும்

செப்டம்பரில் கச்சான் அடங்கி, மாரி தொடங்குவதற்கு முன்னுள்ள இடைவெளியில் பதிவு. இரண்டு நாள் முன்பு ட்யூனர் 435க்குக் கொண்டுவந்தார். மேலும் ஒரு கம்பி அறுந்ததும் அத்தோடு நிறுத்தினார். முச்சக்கரவண்டிச் சத்தமும் காகமும் இல்லாத நேரம் அதிகாலை ஐந்தரை. முதல் நாள் முதல் ஓட்டத்தில் ஃபியூகின் நடுவில் நினைவு தவறியது. இரண்டாவது ஓட்டம் முழுதாக வந்தது. மூன்றாவது வாசிக்க மாணவி விரும்பினார். கைவலி எண் 1 என்று எழுதியிருந்ததால் மிஸ் விடவில்லை. இரண்டாவதை அனுப்பினார்கள். சித்தி.

அதன் பிறகு

அடுத்த ஆண்டுகளில் அவருடைய வாழ்க்கை தனிக்கச்சேரியை நோக்கிப் போகவில்லை. திருமண ஆராதனைகள், இரண்டு பாடகர் குழுக்கள், வயலின் மாணவர்களின் பரீட்சைகளுக்குப் பக்கப் பியானோ, 14 மாணவர்கள். இதைச் சிலர் இறக்கமாகப் பார்த்தார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. இலங்கையில் பிறந்த ரோஹான் டி சில்வா உலக மேடைகளில் வாசிப்பது வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மனின் பக்கத்தில் அமர்ந்துதான். மற்றவரின் மூச்சைக் கேட்டு வாசிப்பது தனியான திறமை. கைக்கும் அது நல்லது. ஒரே அசைவு மணிக்கணக்கில் திரும்ப வராது, ஒத்திகைக்கு நடுவில் ஓய்வு இயல்பாகவே கிடைக்கும்.

முதல் வருமானத்தில் அவர் வாங்கியது 88 கட்டையுள்ள, சுத்தியல் எடை கொண்ட பழைய டிஜிட்டல் பியானோ. வாங்கும்போது எடைக்கல்லோடு போனார். அதன் சுருதியை 435க்கு இறக்கி வைத்திருக்கிறார், மண்டபத்தோடு ஒத்துப்போக. கடல் உப்புக்குத் தடித்த துணி மூடி; மின்சாரம் போய் வரும் வீடு என்பதால் சுவரிலிருந்து செருகியைக் கழற்றிவிட்டுத்தான் தூங்குகிறார்.

மாற்றியிருக்க வேண்டியவை

மாணவர் எந்தக் கருவியில் எத்தனை நிமிடம் வாசிக்கிறார் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். யூலையில் கேட்டிருந்தால் 61 கட்டைக் கீபோட் ட்ரெமொலோவுக்கு உதவாது என்று அன்றே தெரிந்திருக்கும். நவம்பரில் ஒரே மாதத்தில் ஐந்து மடங்கு கூட்டியதற்கு அனுமதி கொடுத்திருக்கக் கூடாது. கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுவதே தாராளம். ‘பாரம்’ என்று மாணவி சொன்ன அன்று ஒரு எடைக்கல்லை வைத்திருந்தால் போதும். அதற்கு ட்யூனர் வரத் தேவையில்லை.

பத்தெத்தீக்கை நீக்கியதில் மிஸ்ஸுக்கு இன்னும் முழு நிறைவு இல்லை. மேலும் ஒரு ஆண்டு காத்திருந்தால் வாசித்திருப்பார் என்கிறார். இயன்மருத்துவர் அதை ஏற்கவில்லை. இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமை மாணவியே பத்துக் கட்டைகளை நிறுத்து எழுதுகிறார். சென்ற டிசம்பரில் ஈரப்பதம் 84. கீழ் சி 61, அதற்குப் பக்கத்து டி 68. டியின் அச்சு எண்ணெய் பட்டவற்றில் ஒன்றல்ல. துளைத் துணிதான் என்று நினைக்கிறார். பெப்ரவரியில் ட்யூனர் வரும்போது அதைத்தான் முதலில் கழற்றுவார்கள்.